வரி கொழும்புக்கு, குப்பை கரைதுறைப்பற்றுக்கு

இலங்கையில் பதிவு செய்யப்பட்ட சுற்றுலா விடுதி ஒன்று தன் வருமானத்தில் இரண்டு இடங்களுக்கு ஒவ்வொரு சதவீதம் கட்ட நேரலாம். முதலாவது, 2003ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ் வரும் சுற்றுலா அபிவிருத்தி அறவீடு. மொத்தப் புரள்வில் ஒரு சதவீதமான அந்தப் பணம் கொழும்புக்குப் போகிறது. மற்றது, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 149ஆம் பிரிவின் கீழ் ஊர்ச் சபை விதிக்கக்கூடிய உரிமக் கட்டணம். சுற்றுலாச் சபையின் அங்கீகாரம் பெற்ற விடுதி, உணவகம் என்றால் முந்திய ஆண்டு வருமானத்தில் ஒரு சதவீதம் வரை சபை கேட்கலாம். முதலாவதைப் பற்றிப் பாராளுமன்றத்தில் பேசுகிறார்கள்; பொது முயற்சிகள் பற்றிய கோப் குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கிறது. இரண்டாவதைப் பற்றி வன்னியில் ஒரு பிரதேச சபை அமர்வில் பேச்சு எழுவது மிக அரிது.

சுற்றுலாவின் பெயரால் திரளும் பணத்தை யார், எங்கே கூடிப் பேசி, எதற்குச் செலவிடுவது என்ற கேள்வி உலகின் பல சட்டமன்றங்களில் ஆண்டுதோறும் சண்டையாக நடக்கிறது. விளம்பரத்துக்கா, வீதிக்கா? ஹோட்டல்காரர் சொல்வதா, ஊரவர் சொல்வதா? வன்னியிலுள்ள முல்லைத்தீவில் இந்தச் சண்டையைப் போடுவதற்கே ஒரு மண்டபம் நெடுங்காலமாக இல்லை. எவ்வளவு பணம் வருகிறது என்று கணக்குப் பார்ப்பதற்கு முன் அந்தக் குறையைத்தான் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

முதலில் கொழும்பின் உண்டியல். 1966இல் இலங்கை உல்லாசப் பயணச் சபையை அமைக்கும் சட்டமும், 1968இல் அத்துறையின் அபிவிருத்திச் சட்டமும் வந்தன. இரண்டும் கொழும்பை மையமாக வைத்து எழுதப்பட்டவை. அந்தக் காலத்தில் அது யாருக்கும் உறுத்தவுமில்லை. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம் 2007 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது பழைய சபை நான்காகப் பிரிந்தது: அபிவிருத்தி அதிகாரசபை, மேம்பாட்டுப் பணியகம், மாநாட்டுப் பணியகம், விருந்தோம்பல் முகாமைத்துவ நிறுவகம். நான்குக்கும் பொதுவாக ஒரு சுற்றுலா அபிவிருத்தி நிதியம். விடுதிகளின் ஒரு சதவீதமும், நாட்டை விட்டு விமானமேறுவோரிடம் அறவிடப்படும் புறப்பாட்டு வரியின் மூன்றிலொரு பங்கும் அதற்குள் விழுகின்றன. அங்கிருந்து 70 சதவீதம் மேம்பாட்டுப் பணியகத்துக்கு, அதாவது பெரும்பாலும் வெளிநாட்டு விளம்பரத்துக்கு. 14 அதிகாரசபைக்கு, 12 பயிற்சி நிறுவகத்துக்கு, 4 மாநாட்டுப் பணியகத்துக்கு.

கூட்டினால் நூறு வந்துவிட்டது. மாகாணத்துக்கோ பிரதேச சபைக்கோ அந்தப் பகிர்வில் ஒரு சதமும் இல்லை. அதிகாரசபையோ அமைச்சோ மனம் வைத்தால் ஒரு மாவட்டத்துக்கு ஒரு திட்டம் தரலாம். கடற்கரையில் ஒரு பெயர்ப்பலகை, ஓர் இளைப்பாறு மண்டபம், கச்சேரி வழியாக ஒரு சிறு ஒதுக்கீடு. அது கிடைத்தால் நன்றி சொல்லவேண்டும். கிடைக்காவிட்டால் கேட்க உரிமையில்லை.

புறப்பாட்டு வரியைச் சற்று நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் முல்லைத்தீவுக்கு வருகிறவர்கள் சுற்றுலா நிதியத்துக்குப் பணம் கட்டுவது பெரும்பாலும் அந்த வழியால்தான். ரொறன்ரோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வந்து, முள்ளியவளையில் அக்கா வீட்டில் மூன்று கிழமை நின்று, வற்றாப்பளைக்குப் போய், நாயாற்றில் குளித்து, திரும்ப விமானமேறும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு; ஆகவே அரசின் கணக்கில் அவர் சுற்றுலாப் பயணி. 2018இல் வந்த 23 இலட்சத்து 33 ஆயிரம் பேரிலும், 2024இல் வந்த 20 இலட்சத்து 53 ஆயிரம் பேரிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உறவினரைப் பார்க்க வந்தோர் என்று அதிகாரசபையே தனி வகை வைத்து எண்ணுகிறது. அவர் எந்த விடுதியிலும் தங்கவில்லை, எந்த உணவகத்தின் பற்றுச்சீட்டிலும் அவர் இல்லை. ஆனால் பயணச்சீட்டோடு சேர்த்து அவர் கட்டிய வரியின் மூன்றிலொரு பங்கு நிதியத்துக்குப் போய், அங்கிருந்து வெளிநாடுகளில் காலியின் கடற்கரையையும் சிகிரியாவையும் காட்டும் விளம்பரமாகிறது. அக்கா வீட்டு ஒழுங்கைக்கு அதில் ஒரு மின்குமிழும் வராது.

விடுதி வருமானத்தை அளந்து வரி போடும் எந்தச் சட்டமும் முல்லைத்தீவின் வருகையாளரைக் காணாது. அவர்கள் வேறு மாதிரியானவர்கள்.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து வந்து, அந்த உப்பு நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இங்கே தலைமுறைகளாக நடக்கிறது. வடக்கின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் சனம் வரும். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் யாத்திரிகர்களுக்கும் இதுதான் வழி. பொங்கலன்று இரவு நந்திக்கடல் ஓரத்துச் சின்னக் கிராமம் ஒரு நகரமாகிவிடுகிறது. நகரத்துக்கு வேண்டிய எல்லாம் அந்த ஓர் இரவுக்கு வேண்டும்: தண்ணீர் பவுசர், தற்காலிகக் கழிவறை, விளக்கு, வாகனம் நிறுத்த வெளி. மறுநாள் காலையில் சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீன் தாள்களும், தண்ணீர்ப் போத்தல்களும், சர்பத் கோப்பைகளும் பனை வடலிகளின் அடியில் காற்றோடு உருண்டுகொண்டிருக்கும். அவற்றைப் பொறுக்கி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுகிறவர்கள் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபையின் தொழிலாளர்கள். சபைக்கு அன்று வருவது தற்காலிகக் கடைகளின் இட வாடகை. வந்த கூட்டத்தில் ஏறக்குறைய யாருமே பதிவு செய்யப்பட்ட விடுதியில் தங்கியவர் இல்லை. ஊரவர் வீட்டுத் திண்ணை, கோயில் மடம், வந்த பஸ்ஸின் இருக்கை.

போரில் இறந்தோரை நினைவுகூர மே 18இல் முள்ளிவாய்க்காலுக்கு வருகிறவர்கள் இன்னொரு தொகுதி. அதைச் சுற்றுலா என்று எவரும் எழுதக்கூடாது, நானும் எழுதவில்லை. ஆனால் வெயிலில் வந்து நிற்கும் தாய்மாருக்கு நிழலும் தண்ணீரும் கழிவறையும் வேண்டும் என்பதும், அவற்றை ஏற்பாடு செய்யும் பொறுப்பு ஒரு சபையின் தலையில் விழுகிறது என்பதும் உண்மை.

மூன்றாவது கூட்டம் போர் முடிந்தவுடன் வந்தது. ஏ9 வீதி திறந்தபின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வன்னி பார்க்க வந்தது. கிளிநொச்சியில் சரிந்து கிடந்த நீர்த்தாங்கி, புதுக்குடியிருப்பில் நிலத்தடி மாளிகை என்று காட்டப்பட்ட பதுங்குகுழி, கடற்கரையில் தரைதட்டிக் கிடந்த ஃபரா 3 என்ற ஜோர்தானியக் கப்பல், நந்திக்கடலோரத்தில் எழுந்த வெற்றிச் சின்னம். பதுங்குகுழியை 2013 ஒக்டோபரில் இராணுவமே வெடிவைத்துத் தகர்த்தது; கப்பலும் பின்னர் இரும்பாகப் பிரிந்து போனது. அந்த ஆண்டுகளில் வழிநெடுக இராணுவம் நடத்திய சிற்றுண்டிச்சாலைகளில்தான் அந்தக் கூட்டம் தேநீர் குடித்தது. 2012இல் நந்திக்கடலோரத்தில் ‘லகூன்ஸ் எட்ஜ்’ என்ற விடுதியையும் இராணுவமே திறந்தது. காங்கேசன்துறையில் தல்செவன, சுண்டிக்குளத்தில் இன்னொன்று என அந்த வரிசை நீள்கிறது. மீள்குடியேறிக் கொட்டிலில் இருந்த முல்லைத்தீவு மக்களுக்கு அந்தச் சுற்றுலாவிலிருந்து வந்தது தூசிதான். 2012/13 குடும்ப வருமான ஆய்வில் நாட்டிலேயே வறுமை மிகுந்த மாவட்டம் முல்லைத்தீவு: 28.8 சதவீதம்.

படை நடத்தும் விடுதி உள்ளூர்ச் சபையின் உரிமம் பெறவேண்டுமா, அதன் வருமானத்தில் ஊருக்குப் பங்குண்டா என்பது ஓர் அவையில் எழுந்து நின்று கேட்கவேண்டிய கேள்வி. எந்த அவையில்?

இங்கேதான் கதையில் முடிச்சு விழுகிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் மாகாணத்துக்குள் சுற்றுலாத் துறையை வளர்ப்பதையும் ஒழுங்குபடுத்துவதையும் ஒருங்கியை நிரலில் வைத்தது. மத்தியும் மாகாணமும் சேர்ந்து ஆளும் விடயம் என்று பொருள். அந்த நிரலிலுள்ள ஒன்றைப் பற்றிப் பாராளுமன்றம் சட்டமியற்றுமுன் மாகாண சபைகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 154ஜி உறுப்புரையின் ஏற்பாடு. 2005இல் சுற்றுலாச் சட்டம் வந்தபோது வடக்குக் கிழக்கில் கலந்தாலோசிக்கத் தெரிவு செய்யப்பட்ட சபை ஒன்றும் இருக்கவில்லை. 1988இல் தெரிவான வடக்குக் கிழக்கு மாகாண சபை 1990இலேயே கலைந்துபோனது. அதன்பின் ஆளுநர் ஆட்சி. முல்லைத்தீவோ அப்போது ஆழிப்பேரலை அடித்த ஓராண்டுக்குள் இருந்தது. புலிகளின் நிர்வாகத்தில் இருந்தது. விமானநிலைய வரியை எப்படிப் பங்கிடுவது என்று யாரும் வந்து கேட்கும் நிலை இல்லை; கேட்டிருந்தாலும் பதில் சொல்லும் மனநிலை இல்லை.

2012இல் இதேபோன்ற ஒரு கேள்வி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. திவிநெகும சட்டமூலத்துக்கு வடக்கில் சபை இல்லாததால் ஆளுநர் சம்மதம் தந்தார். மக்கள் தெரிவு செய்யும் சபையின் கருத்தை ஆளுநர் அதன் சார்பில் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தை அளித்த அமர்வில் இருந்த பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க 2013 ஜனவரியில் பதவி நீக்கப்பட்டார் என்பது வேறு கதை; நெருங்கிய உறவுள்ள வேறு கதை.

பிறகு 2013 செப்டெம்பர் 21இல் தேர்தல். 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. கைதடியில் அவை கூடியது. சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சர். வடக்கின் வரிப்பணத்தை வடக்கே பேச முதன்முறையாக ஒரு மண்டபம் கிடைத்தது.

அந்த ஐந்தாண்டு என்ன தந்தது? நேர்மையாகச் சொன்னால் இரு பக்கமும் குறை உண்டு. நிதி சம்பந்தப்பட்ட எந்த நியதிச் சட்டமும் ஆளுநரின் சிபாரிசு இன்றி அவைக்கு வரமுடியாது என்று மாகாண சபைகள் சட்டமே கதவைப் பூட்டி வைத்திருக்கிறது. முதலமைச்சர் நிதியம் ஒன்றை அமைக்க எடுத்த முயற்சி கொழும்பின் அனுமதி கிடைக்காமலே முடங்கிப்போனது. புலம்பெயர்ந்தோர் தர முன்வந்த பணத்தைக்கூட ஒரு முறையான பெட்டியில் போட வழியில்லாமல் போயிற்று. மாகாணங்கள் நெடுங்காலம் அறவிட்டு வந்த புரள்வு வரியும் 2011 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டிருந்தது. கடைகளிலிருந்து மாகாணத்துக்கு நேராக வந்த காசு அது. அதற்குப் பதிலாகத் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றிலொரு பங்கு என்றார்கள். 2019 டிசம்பரில் அந்த வரியே நீக்கப்பட்டது. பங்கு எதிலிருந்து வரும் என்று கேட்க அப்போது அவையும் இல்லை.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. கைதடி அவை நூற்றுக்கணக்கான தீர்மானங்களை நிறைவேற்றியது. நியதிச் சட்டங்கள் அந்த அளவுக்கு வரவில்லை. இராணுவம் விடுதி நடத்துவதை விக்னேஸ்வரன் மீண்டும் மீண்டும் கண்டித்தார், சரியாகவே கண்டித்தார். ஆனால் சுற்றுலாச் சட்டத்தின் நூறு சதவீதப் பகிர்வைத் திருத்து, இத்தனை பங்கை மாகாணத்துக்குத் தா என்று எண்ணிக்கையோடு ஒரு கோரிக்கை அரசியல் பேச்சாக ஊரில் எழவில்லை. 2017இல் அமைச்சர்கள் மீதான விசாரணையும் முதலமைச்சர் மீதான நம்பிக்கையில்லாப் பிரேரணையும் அவையின் மூச்சை வாங்கிவிட்டன. 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னர் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்தில் ஒரு வாக்குக்கூடப் பெறாமல் தோற்றதோடு மாகாணத் தேர்தலும் தள்ளிப்போனது. தள்ளிப்போனது என்பது மரியாதைச் சொல். அன்றிலிருந்து வடக்கு மீண்டும் ஆளுநர்களின் கையில்.

கீழே இறங்கிப் பிரதேச சபைக்கு வருவோம். முல்லைத்தீவு மாவட்டத்தில் மாநகர சபையும் இல்லை, நகர சபையும் இல்லை. கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு என்று நான்கு பிரதேச சபைகள். கிளிநொச்சியிலும் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று பிரதேச சபைகளே. வவுனியாவில் நகரம் உண்டு. அங்கே தங்கும் விடுதிகளும் பெரும்பாலும் ஏ9இல் போய்வருவோருக்கானவை. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகள் 2023 மார்ச்சில் முடிந்தன. காசில்லை என்று தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. 2025 மே 6இல் புதிய சபைகள் தெரிவாகும்வரை செயலாளர்கள்தான் பாதீடும் போட்டார்கள், செலவும் செய்தார்கள். பேச்சில்லாத இரண்டு ஆண்டுகள்.

இனி ஒரு பிரதேச சபையின் பாதீட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். வருமானப் பக்கத்தில் ஆதன வரி, சந்தைக் குத்தகை, கடை வாடகை, உரிமக் கட்டணம், மாகாணம் அனுப்பும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம், ஊழியர் சம்பளத்துக்கான அரச மானியம். உரிமக் கட்டணம் என்பது ஒரே தலைப்பு. அதற்குள் பேக்கரி, சலூன், இறைச்சிக்கடை, விடுதி எல்லாம் கலந்து கிடக்கும். சாதாரண விடுதிக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச உரிமக் கட்டணம் கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியைப் பொறுத்து 500, 750, 1000 ரூபா. ஆண்டு முழுவதற்கும் ஆயிரம் ரூபா! ஓர் அறையை ஓர் இரவு கொடுத்தாலே அதைவிடக் கூட வரும். அதே விடுதி சுற்றுலா அதிகாரசபையில் பதிந்தால் ஒரு சதவீத விதிக்குள் வருகிறது. ஆகவே பதியாமல் இருப்பதே விடுதிக்காரருக்கு இலாபம். பதியவைப்பதே சபைக்கு இலாபம். இந்த இழுபறியில் சபை எந்தப் பக்கம் நின்று வேலை செய்ய வேண்டும் என்பது தெளிவு. ஆனால் சபை அமர்வுகளில் நேரம் போவது எந்த வட்டாரத்துக்கு எத்தனை தெருவிளக்கு என்பதில். விளக்கும் வேண்டியதுதான்.

வெளியூர் அனுபவம் ஒன்றிரண்டைப் பார்ப்போம். அமெரிக்காவின் புளோரிடாவில் 1977 முதல் மாவட்டங்கள் விடுதி அறைகளுக்கு வரி போடலாம். ஆனால் சட்டம் ஒரு வேலி போட்டது: பணம் பெரும்பாலும் விளம்பரத்துக்கும் மாநாட்டு மண்டபம், கடற்கரை போன்றவற்றுக்கும் மட்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒன்பது பேர் கொண்ட சுற்றுலா ஆலோசனைச் சபை. டிஸ்னி இருக்கும் ஓரஞ்ச் மாவட்டத்தில் இந்தப் பணம் குவிகிறது. அறை கூட்டுகிறவர்களோ வாடகை கட்டமுடியாமலும் பஸ் இல்லாமலும் அல்லாடுகிறார்கள். வேலியைத் தளர்த்து என்று பல ஆண்டாகக் குரல். 2025இல் அந்தப் பணத்தைச் சொத்து வரிச் சலுகைக்குத் திருப்பும் யோசனை பிரதிநிதிகள் அவையிலேயே எழுந்தது. சுற்றுலாத் தொழிலார் கொதித்தெழுந்தார்கள். அவ்வாண்டின் இறுதி வரிச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. நம் நிதியத்தின் 70 சதவீத விளம்பரப் பங்கும் அந்த வேலியின் தங்கைதான். ஒரு வேறுபாடு: அங்கே வேலியின் இரு பக்கத்தாரும் ஒரே மண்டபத்தில் நின்று கத்த முடிகிறது.

ஹவாயில் நடந்தது எங்களுக்கு இன்னும் கிட்டிய பாடம். மாநிலம் திரட்டிய விடுதி வரியிலிருந்து தீவு மாவட்டங்களுக்கு ஆண்டுக்கு 103 மில்லியன் டொலர் பங்கு போய்க்கொண்டிருந்தது. 2021இல் சட்டமன்றம் அந்தப் பங்கை வெட்டிவிட்டு, வேண்டுமானால் நீங்களே 3 சதவீதம் வரை தனி வரி போட்டுக்கொள்ளுங்கள் என்றது. ஆளுநர் டேவிட் இகே தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தினார். சட்டமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. மாவட்டங்களும் தங்கள் வரியைப் போட்டுக்கொண்டன. மேலிருந்து வரும் பங்கு ஒரு வாக்கெடுப்பில் போய்விடும். கையிலுள்ள வரியதிகாரம் அவ்வளவு எளிதில் போகாது. நம் புரள்வு வரிக்குப் பதிலாக வந்த பங்குக்கு நேர்ந்ததும் இதைத்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1981 முதல் மாநிலம் விடுதிகளிடம் வாங்கிய ஆடம்பர வரி 2017 ஜூலை 1இல் சரக்கு சேவை வரிக்குள் கரைந்தது இதற்கு மறுபக்கம். அங்கே வரியதிகாரமே கரைந்தது.

ஆனால் ஹவாயின் பாடத்தை அப்படியே முல்லைத்தீவுக்குக் கொண்டுவர முடியாது. வைக்கீக்கியில் விடுதி நிரை நிரையாக நிற்கிறது. நாயாற்றங்கரையில் நிற்பவை கரைவலை வாடிகள். விடுதி வருமானத்தில் ஒரு சதவீதம் என்ற அதிகாரம் காலிக்கும் நுவரெலியாவுக்கும் பெருந்தொகை; கரைதுறைப்பற்றுக்கு அது சிறுகாசு. வரியதிகாரத்தை மட்டும் பரவலாக்கினால் பணமுள்ள ஊர் மேலும் பணமுள்ளதாகும். ஆகவே வன்னிக்கு இரண்டும் வேண்டும்: உள்ளூர் ஒரு சதவீதத்தை ஒழுங்காக அறவிடுவதும், கொழும்பு நிதியத்தில் சட்டத்தால் உறுதியான பங்கும். அந்தப் பங்குக்கு விடுதி எண்ணிக்கையை அளவுகோலாக வைக்கக்கூடாது. அரசியலமைப்பின் 154ஆர் உறுப்புரை நிதி ஆணைக்குழுவுக்கு ஏற்கெனவே ஒரு கோலைத் தந்திருக்கிறது: சனத்தொகை, தலா வருமானம், ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்கவேண்டிய தேவை. சுற்றுலா நிதியத்துக்கும் அதே கோல் போதும். புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதைக் கேட்காமல் விடக்கூடாது. விளம்பரம் நாட்டுக்குப் பொதுவானது. நாயாற்றுக்குத் தனி விளம்பரம் யாரும் போடமாட்டார்கள். இலண்டனில் காட்டும் ஒரு படத்தின் பயன் கடைசியில் எல்லா ஊருக்கும் வரும் என்பார்கள். பாதி உண்மை. 2019 ஏப்ரல் 21இன் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாட்டின் பெயரைத் தூக்கி நிறுத்த மத்திய விளம்பரம் தேவைப்பட்டது. ஆனால் படத்தைப் பார்த்து வந்தவர் கடற்கரையில் இறங்கி, கழிவறை எங்கே என்று கேட்டால் விளம்பரப் பணியகம் பதில் சொல்லாது.

பிரதேச சபைகளுக்குத் திறமை இல்லை, கொடுத்த பணம் செலவாகாமல் திரும்பும் என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. திரும்பியதுண்டு. ஆனால் காரணத்தையும் பாருங்கள். கடலிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் வலயம். சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்கா ஆயிற்று. நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கிடம் ஆயிற்று. அதனால் தொழிலுக்கு இடையூறு என்று கடற்றொழிலாளர் இன்றும் வாதாடுகிறார்கள். கேப்பாப்புலவில் காணி படையிடம். கொக்கிளாயிலும் நாயாற்றிலும் கரை யாருக்கு என்பதே வழக்கு. இந்த நிலத்தில் ஒரு தவிசாளர் நான்கு அறைக் கழிவறை ஒன்று கட்ட முற்பட்டால் எத்தனை மேசை ஏறவேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். பணம் திரும்பிப் போவதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல.

வேறொரு பயம் எனக்கே உண்டு. சுற்றுலாவுக்கென்று ஒதுக்கிய பணம் ஊரை விற்கும் பணமாக மாறலாம். கிழக்கின் பாசிக்குடாவில் போருக்குப் பின் பெரிய விடுதிகள் வரிசையாக எழுந்தன. மீனவர் வள்ளம் ஏற்றும் இடம் ஒடுங்கியது. முல்லைத்தீவுக் கரையில் முதலில் வரவேண்டியது கரைவலைக்காரரின் பாடு. ஆகவே உள்ளூரில் நிற்கும் காசை விளம்பரத்துக்கும் அலங்கார வளைவுக்கும் விடாமல், பராமரிப்புக்கு மட்டும் என்று சபையே தீர்மானம் போட்டு வேலி கட்டவேண்டும்: குப்பை, கழிவறை, குடிதண்ணீர், நிழல், உயிர்காப்பாளர். நாயாற்றுக் கழிமுகத்தின் நீரோட்டம் தெரியாமல் இறங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கைப் பலகையும் ஒரு காவலாளும் எந்த விளம்பரத்தையும்விட முந்தியவை. வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி வரும் எவரும், அவர் யாத்திரிகரோ உறவுக்காரரோ தெற்கிலிருந்து வந்த மாணவரோ, இந்த ஐந்தும் கிடைத்தால் மகிழ்ச்சியாகத் திரும்புவார். ஊரவரும் ஆண்டு முழுவதும் அவற்றைப் பாவிப்பர்.

சட்டத்தைத் திருத்துவது பாராளுமன்றத்தின் வேலை. அதற்கு வன்னி உறுப்பினர்கள் சுற்றுலா அமைச்சின் ஒதுக்கீட்டுக் குழுநிலை விவாதத்தில் எழுந்து 70, 14, 12, 4 என்ற நான்கு எண்களையும் படித்துக் காட்டி, ஐந்தாவது எண் எங்கே என்று கேட்கவேண்டும். மாகாணத் தேர்தலைக் கேட்கும்போது அதிகாரப் பகிர்வு என்ற பெரிய பேச்சோடு இந்தக் காசுக் கணக்கையும் சேர்த்துக் கேட்பது நல்லது. சனத்துக்கு அது சட்டென்று விளங்கும்.

ஆனால் 2025இல் தெரிவான பிரதேச சபை உறுப்பினர்கள் எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. 149ஆம் பிரிவு 1987 முதல் கையில் இருக்கிறது. அடுத்த பாதீட்டு அமர்வில் செயலாளரிடம் மூன்று கேள்வியை எழுத்தில் கொடுங்கள்: எமது எல்லைக்குள் விடுதிகள் எத்தனை, அவற்றில் அதிகாரசபையில் பதிந்தவை எத்தனை, சென்ற ஆண்டு அவற்றிடமிருந்து ஒரு சதவீதமாக வந்த தொகை எவ்வளவு. பதிலைக் கூட்ட அறிக்கையில் பதியச் சொல்லுங்கள். தொகை பூச்சியமாக இருந்தாலும் பதியட்டும். கொழும்பில் பங்கு கேட்கப் போகும்போது காட்டவேண்டிய முதல் தாள் அதுதான்.